சீனிக் கணக்கு

டிப்போக் கன்ரீனின் வரவு செலவு
என் கையெழுத்தில்தான் இருக்கிறது.
தை மாதம், சீனி நூற்று அறுபத்திரண்டு கிலோ.
ஆட்கள் நூற்றெட்டு. அர்ச்சனைக்குத் தோதான எண்.
வகுத்தேன். ஆளுக்கு ஒன்றரைக் கிலோ.
பிழையாக இருக்கும் என்று
இன்னொருக்கால் வகுத்தேன்.

அந்தக் கிழமைதான் மரியநாயகம் அண்ணர்,
பதினெட்டு வருடம் காரைநகர் பஸ் ஓடியவர்,
வலக்கால் விரல் இரண்டை
பெரியாஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தார்.
இனி ஸ்ரியறிங் இல்லை,
நேரம் குறிக்கிற பெட்டிக்குள் ஒரு கதிரை.
"பிறேக் பிடிக்கத்தானே அந்த விரல்,
நான் எங்கை பிறேக் பிடிச்சனான்" என்று சிரித்தார்.
எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
ரீ வாங்கிக் கொடுத்தோம்,
மூன்று கரண்டி போட்டு.

நலன்புரிச் சங்கக் கூட்டத்தில் நான் எழும்பினேன்.
சீனி கேட்டால் மட்டும்.
ரோல்ஸும் பணிஸும் கிழமைக்கு இரண்டு நாள்.
சோடா நின்ற குளிர்பெட்டிக்குள் மோர்.
வழிமொழிய ஆளில்லாமல்
மின்விசிறி மட்டும் சுற்றியது.
வெல்டர் குலேந்திரன் கையை உயர்த்தினான்,
தலை சொறியவோ என்னவோ.
நான் எழுதிக்கொண்டேன்.

முதல் நாள் குரக்கன் பிட்டு, முருங்கையிலை வறை.
"இதென்ன, பெயரிங்குக்குப் பூசுறதோ?"
என்றது வேலைத்தளம்.
பாதிப் பிட்டு நாய்களுக்குப் போனது.
அவையும் யோசித்துத்தான் தின்றன.
"நட்டத்தை ஆர் தாறது, நீயோ?" என்றாள்
கன்ரீன் எடுத்து நடத்தும் நகுலாம்பிகை.
சுவரில் நான் ஒட்டிய படத்தில்
சிறுநீரகம் இரண்டும் அழகாக இருந்தன.
அதற்குக் கீழே ஆரோ மீசை கீறியிருந்தார்கள்.

கேற்றுக்கு வெளியே எட்டாம் நாள்
ஒரு பெட்டிக்கடை முளைத்தது.
கொண்டக்டர்மார் அங்கே வரிசை.
தீப்பெட்டிக்குள் சீனி கொண்டுவந்தவரும் உண்டு.
என் லாச்சிக்குள்
கிறீம் பிஸ்கட் இருந்ததை
எறும்புகளைத் தவிர எவரும் அறியார்.

பிறகு பங்குனி வந்தது.
தார் ரோட்டு உருகி ரயரில் ஒட்டும் வெயில்.
பருத்தித்துறையிலிருந்து வந்திறங்கியவர்களின்
சட்டை முதுகில் உப்புப் படம்.
நகுலாம்பிகை என் படத்தைக் கிழித்தாள்.
உடம்புக்கு நல்லது என்ற சொல்லையே
கன்ரீனில் எடுக்கக் கூடாது என்றாள்.
சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை,
தேசிக்காய் பிழிந்த புளிப்பு,
அளவாய் ஒரு வாளி.
பலகையில் சோக்கட்டியால் எழுதினாள்:
மோர் முடிஞ்சால் இல்லை.

பதினொன்றரைக்கு முடிந்தது.
மறுநாள் பதினொன்றுக்கு.
மூன்றாம் நாள் மோருக்காக இரண்டு பேர்
கொலரைப் பிடித்துக்கொண்டார்கள்.
அதில் ஒருவன் பெயரிங் பகிடி விட்டவன்.
அவித்த பயறு, தேங்காய்ப்பூ தூவி,
பழைய ரிக்கற் தாளில் சுருட்டி வந்தது.
அதையும் இல்லை என்று சொல்லிச் சொல்லியே விற்றாள்.
குரக்கன் மட்டும்
இன்னும் நாய்களின் பரிசீலனையில்.

வைகாசி மாதம், சீனி நூற்றேழு கிலோ.
ஆளுக்கு ஒரு கிலோவுக்கு மயிரிழை குறைவு.
கேற்றுக்கு வெளியே போன சீனி
என் புத்தகத்தில் வராது.
லாச்சியும் வராது.
அதனால் இதை வெற்றி என்று
நான் எங்கும் எழுதவில்லை.

நேற்று மரியநாயகம் அண்ணர் பெட்டியிலிருந்து
நொண்டி நொண்டி வந்தார்.
"அரைக் கரண்டி போடன் பிள்ளை" என்பார் என்று
பதிலை ஆயத்தமாக வைத்திருந்தேன்.
அவர் கையில் வெறும் போத்தல்.
"எனக்கில்லை, என்ரை பஸ்ஸுக்கு" என்றார்.
இப்போது அதை ஓடுகிற பெடியன்
பொன்னாலைப் பாலத்தில் வெயிலுக்குக் காய்வானாம்.
மோர் நிரம்பும்வரை
அவனைப் புறப்பட விடவில்லை.

மாலையில் பதிவேடு பார்த்தேன்.
காரைநகர், நான்கு நிமிடம் பிந்தியது.
காரணம் என்ற கட்டத்தில்
அவருடைய சரிந்த எழுத்து:
மோர்.